சமவுயரக்கோடு இல்லாத மண்

நெல்லியடிச் சந்தியில் நின்று நாலாபக்கமும் பார்க்கிற ஒருவருக்கு மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. தென்மேற்கே யாழ்ப்பாணத்துக்கும் வடகிழக்கே பருத்தித்துறைக்கும் தெற்கே கொடிகாமத்துக்கும் வீதிகள் பிரிந்து செல்கின்றன. எந்த வீதியில் சைக்கிளை மிதித்தாலும், ஏற்றம் என்று இறங்கி உருட்டவேண்டிய இடம் ஒன்றுகூட இல்லை. நில அளவைத் திணைக்களத்தின் இடவிளக்கப்படமும் இதையே சொல்கிறது. நுவரெலியாப் பக்கத்துத் தாளை விரித்தால் கபில நிறச் சமவுயரக்கோடுகள் கைரேகைபோல நெருங்கிக் கிடக்கும். எமது தாளில் அப்படி எதுவும் இல்லை. பழைய ஓரங்குலப் படத்தில் 100 அடி உயரத்துக்கு ஒரு கோடு கீறப்பட்டது. குடாநாடோ ஏறக்குறைய முழுவதுமே கடல்மட்டத்திலிருந்து 35 அடிக்குள் அடங்கிவிடுகிறது. கோடு எங்கிருந்து வரும்?

ஆகவே, "இதிலே வாசிக்க என்ன கிடக்கு?" என்று கேட்பவர்கள் பலர். சாதாரண தரப் பரீட்சைக்குப் புவியியல் படிக்கும் பிள்ளைகள்கூட மலையும் ஆறும் உள்ள தாள் வந்தால்தான் மகிழ்கிறார்கள். ஆனால் தட்டையான நிலத்தின் படத்தை வாசிப்பதற்கு வேறொரு கண் வேண்டும். அந்தக் கண் இன்று எவரையும்விட எமக்குத்தான் தேவைப்படுகிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து கிளம்பிய குடும்பங்கள், 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதிலுமிருந்து செம்மணி, நாவற்குழி வழியாக நடந்த குடும்பங்கள், போரினாலும் 2004 ஆழிப்பேரலையாலும் திரும்பத் திரும்ப எழும்பி ஓடிய வடமராட்சி கிழக்குக் குடும்பங்கள் என்று இவ்விதழை வாசிக்கும் உங்களில் பெரும்பாலானோருக்கு நிலம் என்பது நினைவில் இருக்கிறது, உறுதியில் இருக்கிறது, ஆனால் கண்முன் இல்லை. திரும்பிப் போனவர்களுக்கும் வேலி இல்லை, ஒழுங்கை இல்லை, வீட்டின் அத்திவாரம்கூட இல்லை. புல்டோசர் தள்ளிய வெளியில் நின்று "எங்கடை வளவு எது?" என்று கேட்டவர்களை நாம் கண்டிருக்கிறோம்.

இரண்டு இலக்கங்களை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே செல்வோம். 2013 ஏப்ரல் மாதத்தில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கர் காணியைச் சுவீகரிப்பதற்கான அறிவித்தல்கள் ஒட்டப்பட்டன. மக்கள் நீதிமன்றம் சென்றார்கள். பின்னைய ஆண்டுகளில் அந்நிலத்தில் பெரும்பகுதி துண்டு துண்டாக விடுவிக்கப்பட்டது, ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. அடுத்தது அண்மையது. 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியில், வட மாகாணத்தில் சுமார் 5,940 ஏக்கர் காணிக்கு உரிமை உடையோர் மூன்று மாதத்துக்குள் உரிமையைக் கோரவேண்டும், இல்லையேல் அது அரச காணியாகக் கொள்ளப்படும் என்ற அறிவித்தல் வெளிவந்தது. இதில் பெரும்பங்கு யாழ்ப்பாண மாவட்டத்தைச் சேர்ந்தது, அதிலும் வடமராட்சி கிழக்கு அகப்பட்டது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. அரசாங்கமும் மீளப்பெறுவதாக அறிவித்தது.

ஆபத்து விலகியது நல்லதே. ஆனால் அந்த மூன்று மாதங்களில் எழுந்த கேள்வியை மறக்கலாகாது. "என் காணி அந்த எல்லைக்குள் விழுகிறதா, இல்லையா?" இதற்கு விடை சொல்ல முடிந்த குடும்பங்கள் எத்தனை? உறுதி எரிந்துபோனவர்கள், பெற்றோர் இறந்துபோனவர்கள், முகாமில் பிறந்து ஊரையே காணாத பிள்ளைகள் ஆகியோர் வர்த்தமானியைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடமாவது கேட்கவேண்டியிருந்தது. படத்தை நாமே வாசிக்கத் தெரிந்திருந்தால், குறைந்தது கேட்கவேண்டிய கேள்வியையாவது சரியாகக் கேட்டிருப்போம்.

ஒரு சதுர அங்குலத்தில் எத்தனை பரப்பு?

முதலில் அளவுத்திட்டம். இலங்கையின் நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2ஆம் திகதி தொடங்கப்பட்டது. ஓரங்குலப் படத்துக்கான அளவை வேலை 1897இல் ஆரம்பித்து 1924இல் முடிந்தது. முழுத் தீவும் 72 தாள்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல், அதாவது 1:63,360. மெற்றிக் முறைக்கு மாறிய பின்னர் 1:50,000 என்ற அளவுத்திட்டத்தில் 92 தாள்கள் வகுக்கப்பட்டன. இதில் 2 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் ஒரு கிலோமீற்றர். பள்ளிப்பிள்ளைகள் படிப்பது இந்தத் தாளைத்தான்.

இதை எமது அளவுக்குக் கொண்டுவருவோம். தோட்டக்காணிக்கு 16 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 18 குழி. வயற்காணிக்கு 24 பரப்பு ஓர் ஏக்கர், ஒரு பரப்பு 12 குழி. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், எப்படியும் ஓர் ஏக்கருக்கு 288 குழிதான் வரும். உறுதிகளில் வரகுக்கென்றும் நெல்லுக்கென்றும் பரப்பு வேறாக எழுதப்பட்டிருப்பதன் பொருள் இதுவே. உறுதியிலுள்ள பரப்பைப் படத்தோடு ஒப்பிடுமுன் அது எந்தப் பரப்பு என்று பார்த்துக்கொள்ளவேண்டும். 24 பரப்பு வயலை 24 பரப்புத் தோட்டம் என்று எண்ணினால் அரை ஏக்கர் பிழைத்துவிடும்.

இப்போது 10 பரப்புத் தோட்டம் ஒன்றை எடுங்கள். வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் வைத்து ஒரு குடும்பம் மானமாகச் சீவித்த நிலம். அதன் பரப்பளவு ஏறக்குறைய 2,530 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் பக்கத்துக்கு 50 மீற்றர். 1:50,000 படத்தில் 50 மீற்றர் என்பது ஒரு மில்லிமீற்றர். அதாவது மூன்று தலைமுறை உழைத்த தோட்டம், பென்சில் முனையால் குத்திய ஒரு புள்ளி! 1:10,000 படம் கிடைக்குமானால் அதே தோட்டம் 5 மில்லிமீற்றர்ச் சதுரமாக வளரும், விரல்நகத்தின் பாதியளவு. ஆகவே இடவிளக்கப்படத்தில் உங்கள் வேலியைத் தேடாதீர்கள். அது அங்கே இல்லை. உங்கள் தோட்டத்தைச் சுற்றியுள்ளவற்றைத் தேடவேண்டும்.

அந்தப் புள்ளியிலிருந்து மேலே போனால் கணக்கு வேறுவிதமாகப் பேசும். ஓரங்குலப் படத்தில் ஒரு சதுர அங்குலம் ஒரு சதுர மைல், 640 ஏக்கர், 10,240 பரப்பு. 2013இன் அறிவித்தலில் சொல்லப்பட்ட 6,381 ஏக்கர் படத்தில் ஏறக்குறைய 10 சதுர அங்குலம். உள்ளங்கையை வைத்தால் பெரும்பாலும் மறைந்துபோகும்.

சதுரக்கட்டம் போட்ட நாடு

640 ஏக்கர் என்ற எண்ணுக்கு உலகின் மறுபக்கத்தில் இன்னொரு கதை உண்டு. எமது உறவினர் பலர் வாழும் கனடாவின் மேற்கே மனிற்றோபா, சஸ்காச்சுவான், அல்பேட்டா மாகாணங்களில் பிரெயரிப் புல்நிலம் பரந்து கிடக்கிறது. அதுவும் தட்டையான விவசாய நாடு, அங்கும் சமவுயரக்கோடுகள் அருமை. ஆனால் அந்நாட்டின் படத்தைப் பார்த்தால் கொப்பித் தாள்போல இருக்கும். 1871இல் தொடங்கிய அரச அளவை, நிலத்தை ஆறு மைல் பக்கமுள்ள சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றையும் 36 துண்டுகளாக்கியது. ஒரு துண்டு ஒரு சதுர மைல், 640 ஏக்கர். அதன் காற்பங்கான 160 ஏக்கர் ஒரு குடியேற்றக் குடும்பத்துக்கு. எமது கணக்கில் 2,560 பரப்பு! எமது கமக்காரர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அவ்வளவையும் எப்பிடி இறைக்கிறது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே இறைப்பதில்லை, மழையையும் பனி உருகிய ஈரத்தையும் நம்பிக் கோதுமை விதைக்கிறார்கள்.

அந்தச் சதுரங்கள் வெறும் நிலத்தில் விழவில்லை. அங்கே முன்பே மக்கள் இருந்தார்கள். செவ்வாற்றங்கரையில் மெற்றிஸ் மக்கள் ஆற்றிலிருந்து பின்னோக்கி நீண்ட ஒடுங்கிய பட்டிகளாகக் காணி வைத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆற்றுநீர், பின்னால் வயல், அதற்கும் பின்னால் புல்வெளி. சதுரக்கட்ட அளவை அந்தப் பட்டிகளைக் குறுக்கே வெட்டிக்கொண்டு வந்தது. 1869 ஒக்டோபர் 11ஆம் திகதி லூயி ரியேல் என்ற கத்தோலிக்க இளைஞரும் அவருடைய தோழரும் அளவையாளரை மறித்தனர். ரியேல் அவர்களுடைய சங்கிலியின்மேல் காலை வைத்து நின்றார். (சங்கிலி என்றதும் நல்லூர் அரசனை நினைக்கவேண்டாம், இது 66 அடி நீளமுள்ள அளவுச் சங்கிலி.) அந்த மக்களின் வரலாறு பிறகு துயரமாகவே சென்றது. ஆயினும் மனிற்றோபாவின் படத்தில் செவ்வாற்றங்கரையில் சதுரம் தோற்று, நீண்ட பட்டிகள் இன்றும் தெரிகின்றன.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எமது படத்தின் கோணல்களும் அப்படிப்பட்டவையே. குடாநாட்டுத் தாளில் நேர்கோட்டு ஒழுங்கை ஒன்றைக் காண்பது அரிது. யாரோ ஒருவருடைய பனந்தோப்பைச் சுற்றி, ஒரு கோயில் வீதியைச் சுற்றி, ஒரு குளக்கட்டின்மேல் ஏறி, ஒழுங்கை வளைந்து வளைந்து போகும். மேலிருந்து எவரும் கட்டம் போடாமல், குடும்பங்கள் தமக்குள் பங்கிட்டும் சீதனம் கொடுத்தும் விற்றும் வாங்கியும் வந்த நிலம் என்பதற்கு அந்த வளைவே சாட்சி. நேரான பாதை ஒன்று படத்தில் திடீரென்று தோன்றினால், அது அரசாங்கம் போட்டதா, இராணுவம் போட்டதா என்று விசாரித்துப் பார்ப்பது நல்லது.

கோடு சொல்லாததைப் பெயர் சொல்லும்

சமவுயரக்கோடு இல்லாத நாட்டில் உயரத்தை எப்படி அறிவது? எமது முன்னோர் அதை ஊர்ப்பெயரிலும் காணிப்பெயரிலும் எழுதிவைத்தார்கள். பிட்டி, திட்டி என்று முடிந்தால் சற்றே உயர்ந்த நிலம், உடுப்பிட்டியை எண்ணிப் பாருங்கள். பள்ளம், ஓடை என்று வந்தால் மாரியில் வெள்ளம் அந்த வழியாகத்தான் போகும். கொக்குவில், இணுவில், மிருசுவில் ஆகியவற்றிலுள்ள 'வில்' நீர்நிலையைக் குறிப்பது என்பர். வெளி என்றால் மரமற்ற திறந்த நிலம், வல்லை வெளியைக் கடந்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை. துறை கடலில் இறங்கும் இடம். அடி ஒரு மரத்தின் நிழல். நெல்லியடிக்கு ஒரு நெல்லிமரம் இருந்திருக்கிறது, மரம் போனபின்னும் பெயர் நிற்கிறது.

உறுதிகளைத் திறந்தால் இந்தச் செல்வம் இன்னும் பெருகும். ஒல்லாந்தர் காலத்துத் தோம்பிலிருந்து வந்த காணிப்பெயர்கள் எமது உறுதிகளில் இன்னும் வாழ்கின்றன. ஒரு பெயரிலே தாழ்வு, கலட்டி, தரவை, புலம் என்ற சொல் இருந்தால் அது மண்ணைப் பற்றிய வாக்குமூலம். கலட்டியில் கிணறு வெட்டப் போனவருக்குப் பாறைதான் முதலில் கிடைக்கும்.

அடுத்து நீர். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில் ஓடிக் கோடையில் காய்ந்துவிடும். ஆனால் படத்தில் நீல நிறம் நிறையவே உண்டு. தொண்டைமானாறு கடனீரேரி வடமராட்சியை வலிகாமத்திலிருந்தும் தென்மராட்சியிலிருந்தும் பிரித்துக்கொண்டு தென்கிழக்கே நீண்டு கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள குளங்களையும் வெள்ள வாய்க்கால்களையும் விரலால் தொடர்ந்து போனால், மழைநீர் எந்தப் பக்கம் சரிகிறது என்பது கோடில்லாமலே விளங்கும். பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் கடனீரேரிகளை நன்னீராக்கி யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு தரலாம் என்று திட்டம் வகுத்தது இந்தத் தட்டையான நிலத்தை ஆழமாக வாசித்ததனாலேயே.

சில அடி உயரம் என்ன பெரிய விடயம் என்று எண்ணவேண்டாம். எமது நிலத்தின் அடியில் சுண்ணாம்புக்கல். மாரி மழை அதற்குள் இறங்கி, உள்ளே புகுந்திருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. தலைகீழாகவும் பார்க்கவேண்டும். அளவுக்குமிஞ்சி இறைத்து அந்த மட்டத்தை ஓர் அடி இறக்கினால், கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவர முயலும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள், குடாநாடு முழுவதற்கும் அதுதான் மாதிரி. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் தோள்வலி ஒரு வரம்பு போட்டது. நீர்ப்பம்பிக்கு அந்த வரம்பு இல்லை. மீளக் குடியமரும்போது கடனீரேரிக்கு அண்மையில் புதுக் கிணறு வெட்ட எண்ணுவோர் முதலில் படத்தில் தூரத்தை அளந்து பார்க்கட்டும். படம் ஒரு சதத்துக்கும் செலவில்லாமல் எச்சரிக்கும்.

வடமராட்சி கிழக்கைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு எப்போதும் மனம் கனக்கும். மணற்காடு, குடத்தனை, நாகர்கோவில், செம்பியன்பற்று, மருதங்கேணி, உடுத்துறை, ஆழியவளை, கட்டைக்காடு என்று ஊர்கள் ஒரு நூலில் கோத்ததுபோல் வரிசையாக நிற்கின்றன. ஒருபுறம் வங்கக்கடல், மறுபுறம் கடனீரேரி, நடுவே ஒடுங்கிய மணல்நிலம். 2004 டிசம்பர் 26 காலையில் அந்த மக்கள் ஓடுவதற்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதைப் படம் இரக்கமின்றிக் காட்டுகிறது. மணல்மேடுகள்தான் அங்கே உள்ள ஒரே உயரம். அந்த மேடுகளும் நின்ற இடத்தில் நிற்பவை அல்ல. மணற்காட்டில் பழைய புனித அந்தோனியார் ஆலயத்தின் சுவர்கள் மணலுக்குள் புதைந்து நிற்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். மணலை அள்ளி விற்பவர்கள் ஒரு கிராமத்தின் ஒரே மலையை அள்ளுகிறார்கள் என்பதை நான் பல கூட்டங்களில் சொல்லிவருகிறேன்.

எந்த ஆண்டுப் படம்?

படத்தின் ஓரத்தைப் பாராமல் நடுவைப் பார்ப்பது எமது பெரும்பான்மையோரின் பழக்கம். ஓரத்தில்தான் குறிவிளக்கமும் அளவுத்திட்டமும் வடதிசையும் அச்சிட்ட ஆண்டும் இருக்கும். இவற்றுள் எமக்கு முதன்மையானது ஆண்டு.

1920களின் தாளில் பலாலி விமானத்தளம் இருக்காது, அது இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வந்தது. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் இருக்காது, அது 1950இல் வந்தது. அந்த இடங்களில் தோட்டமும் ஒழுங்கையும் கோயிலும் இருக்கும். பின்னாளில் மூடப்பட்ட ஒரு பாதை பழைய தாளில் கீறப்பட்டிருந்தால், "இது பொதுப்பாதை" என்று ஊரவர் சொல்வதற்கு அரசாங்கத்தின் படமே துணைநிற்கும். இன்னொரு அரிய சாட்சியும் உண்டு. 1956இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் கனேடிய நிறுவனமொன்று இலங்கையை ஆகாயத்திலிருந்து படம் பிடித்தது. பிரெயரியைச் சதுரமாக வெட்டிய அதே நாட்டின் உதவியால் எமது கோணல் ஒழுங்கைகளும் பனைமரங்களும் இடப்பெயர்வுக்கு முந்திய கோலத்தில் பதிவாகிவிட்டன! பிணக்கு உள்ள இடங்களில் இத்தகைய பழைய ஆகாயப்படங்களைக் கேட்டுப் பெறுமாறு சட்டத்தரணிகளுக்கு நினைவூட்டுங்கள்.

பழைய தாளையும் புதிய தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒப்பிடும்போது மாறாத ஒன்றைப் பிடித்துக்கொள்ளவேண்டும். வலிகாமம் வடக்குக்கு அப்படிப்பட்டது ரயில் பாதை. 1990இல் நின்ற சேவை 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் ஓடத் தொடங்கியபோது, பழைய தடத்திலேயே ஓடியது. தண்டவாளம் அரிந்தெடுக்கப்பட்டாலும் தடம் மாறவில்லை. அதிலிருந்து கிழக்கே எத்தனை மில்லிமீற்றர், எந்தக் குளத்துக்கு வடக்கே என்று அளந்தால் காணாமற்போன ஒழுங்கையின் வாயிலை அண்மித்துவிடலாம். வடமராட்சியாருக்குக் கடற்கரையும் கடனீரேரியும் வல்லிபுர ஆழ்வார் கோயிலும் பருத்தித்துறை வீதியும் அப்படிப்பட்டவை.

நெல்லியடியில் வலிகாமம் வடக்குக் குடும்பங்களோடு பழைய தாளொன்றை விரித்துவைத்தபோது, எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு மூதாட்டிதான் எல்லோருக்கும் முந்தினார். படத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, தாளைத் தலைகீழாகத் திருப்பிவைக்கச் சொன்னார். "நான் எப்பவும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போறனான், சுவாமி. இப்ப சரி. இந்தா, இது குளம். இதிலை இருந்து வலக்கைப் பக்கம் சுமைதாங்கி. அங்காலை எங்கடை கிணறு." சுமைதாங்கி படத்தில் இல்லை. கிணறும் இல்லை. ஆனால் அவர் விரல் நின்ற இடத்தில் பேரன் ஒரு புள்ளி வைத்தான். வடக்கு மேலே இருக்கவேண்டும் என்பது அச்சகத்தின் வழக்கம் மட்டுமே, நீங்கள் நடந்த திசை மேலே இருக்கட்டும்.

படம் சொல்லாதவை

இடவிளக்கப்படம் காணி யாருடையது என்று சொல்லாது. அதற்கு உறுதி, நில அளவையாளரின் வரைபடம், காணிப் பதிவகத்தின் பிரதி ஆகியன வேண்டும். உறுதி தொலைந்தவர்கள் காணிப் பதிவகத்தில் பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். நொத்தாரிசின் பெயரோ ஏறத்தாழ ஆண்டோ தெரிந்தாலே தேடுவது எளிதாகும். இடவிளக்கப்படத்தின் வேலை வேறு. உறுதியில் "கிழக்கு ஒழுங்கை, தெற்கு இன்னார் காணி" என்று எழுதியிருப்பது உலகத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது காட்டும். எல்லையில் சொல்லப்பட்ட இன்னார் இறந்திருக்கலாம், வெளிநாடு போயிருக்கலாம். குளம் எங்கும் போவதில்லை.

இக்காலத்தில் கைத்தொலைபேசி அகலக்கோட்டையும் நெட்டாங்கையும் உடனே காட்டிவிடுகிறது. நெல்லியடி ஏறக்குறைய 9 பாகை 48 கலை வடக்கு, 80 பாகை 12 கலை கிழக்கு. இதில் கவனம் தேவை. ஒரு கலை என்பது நிலத்தில் ஒரு மைலுக்கு மேல், ஒரு விகலை சுமார் 100 அடி. கலையோடு நிறுத்தி எழுதிவைத்தால் அடுத்த ஊரைத்தான் எழுதிவைத்திருப்பீர்கள். கிணற்றுக் கட்டின் அருகே நின்று, விகலையும் அதன் தசமமும் வரை எழுதிக்கொள்ளுங்கள். படத்தின் நெய்யரிக் கோடுகளிலும் ஒரு சிக்கல் உண்டு. அவற்றின் எண்கள் பேதுருதாலகாலை மலையை மூலமாகக் கொண்டவை. முன்பு அந்த மூலத்துக்கு 200,000 மீற்றர் என்று மதிப்பிட்டார்கள், 1999இன் முறையில் அது 500,000 ஆயிற்று. ஆகவே பழைய தாளின் எண்ணைப் புதிய தாளில் தேடினால் கிடைக்காது. எந்தத் தாளிலிருந்து எடுத்த எண் என்பதையும் சேர்த்து எழுதிவையுங்கள்.

கண்ணிவெடியையும் இடவிளக்கப்படம் காட்டாது. முகமாலை, நாகர்கோவில் முன்னரங்குகள் இருந்த பகுதிகளில் எங்கே துப்புரவு முடிந்தது என்பதைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியாமல், படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு எவரும் பற்றைக்குள் இறங்கவேண்டாம். காணி காத்திருக்கும்.

யோசுவா நூலின் 18ஆம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசிக்கும்படி பங்குகளில் கேட்டுவருகிறேன். ஏழு குலங்களுக்கு இன்னும் நிலம் கிடைக்கவில்லை. யோசுவா குலத்துக்கு மூவரை அனுப்புகிறார். அவர்கள் நிலமெங்கும் நடந்து, ஊர் ஊராக எழுதி, ஏழு பங்காக வகுத்து, சீலோவுக்குக் கொண்டுவருகிறார்கள். அந்த நிலத்தில் முன்பே வாழ்ந்தவர்களின் நியாயம் என்ன என்பது செவ்வாற்றங்கரைக் கதையைக் கேட்டபின் எம்மை உறுத்தவேண்டிய கேள்விதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எழுதியவர்கள் அதிகாரிகள் அல்லர், காணி இல்லாத அந்தக் குலங்களின் ஆட்களே என்பது என்னைத் தொட்டது.

அவ்வாறே ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் மூவர் போதும். ஊரில் நடந்து திரிந்த ஒரு முதியவர், கடைசியாகக் காணியைச் செய்த ஒருவர், பள்ளியில் படம் வாசிக்கப் பழகிய ஒரு பிள்ளை. போர் நடந்த ஆண்டுகளில் வரைபடத்தோடு சோதனைச் சாவடியைக் கடக்க எவரும் துணியவில்லை. இன்று நில அளவைத் திணைக்களத்திடம் இத்தாள்களை விலைக்குக் கேட்டு வாங்கலாம். ஒரு பங்குக்கு ஒரு தாள் வாங்கினாலே ஐம்பது குடும்பம் பார்க்கலாம். தாளின்மேல் எழுதாமல் ஒளி ஊடுருவும் தாளொன்றை மேலே வைத்து, முதலில் வீதி, பிறகு குளம், பிறகு கோயிலும் தேவாலயமும் பள்ளியும், அதன்பின் ஒழுங்கை, கடைசியாகக் கிணறு என்று கீறுங்கள். அயல்காணிக்காரரின் பெயரையும் எழுதுங்கள், அவர்களுடைய பிள்ளைகளும் தேடிக்கொண்டிருப்பார்கள். அயலவர் இருவர் கீறிய படங்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால் சண்டை பிடிக்கவேண்டாம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், நில அளவையாளர் வரும்நாளில் இரண்டும் உதவும். கீழே திகதியும் சொன்னவரின் பெயரும் வயதும் வேண்டும். ஒரு பிரதி வீட்டில், ஒரு பிரதி வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடம், ஒரு பிரதி பங்குப் பணிமனையில் இருக்கட்டும்.

பேனை வேண்டாம், பென்சில் கொண்டுவாருங்கள். அப்புமாரும் அம்மம்மாமாரும் இரண்டாம் நாள்தான் சரியான இடத்தை நினைவுகூருகிறார்கள்.